நெப்பந்தீஸ் ராஜா யாழ்ப்பாணத்தில் பிழைக்குமா? குடுவைகள் எல்லாம் காய்கின்றன

இணுவிலான்

எல்லோருக்கும் வணக்கம். செடி வளர்ப்பில் நான் பெரிய ஆள் இல்லை. பின்வளவில் கத்தரி, மிளகாய், வாசலில் நாலு குரோட்டன், அவ்வளவுதான். சித்திரையில் இங்கே நடந்த ஒரு கண்காட்சிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு கடையில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியைக் கண்டவள், அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. விலை 4,500 ரூபா. தொட்டியில் குத்தியிருந்த மட்டையில் 'நெப்பந்தீஸ் ராஜா' என்று எழுதியிருந்தது. விற்றவர் சொன்னது இதுதான்: "நல்ல வெயிலில் வையுங்கோ, நாள்தோறும் தண்ணி விடுங்கோ, வீட்டில் ஒரு நுளம்பும் இராது."

அவர் சொன்னபடியே மொட்டை மாடியில் வைத்தேன். தொட்டி சின்னதாக இருந்ததால் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். எங்கள் செம்மண்ணும் நன்றாக மக்கிய மாட்டெருவும் அரைக்கு அரை. காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர். வாங்கும்போது ஐந்து குடுவைகள் இருந்தன. இப்போது நாலு மூடியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துவிட்டன. புது இலை வருகிறது, ஆனால் நுனியில் பயறு அளவுக்கு ஒன்று தோன்றி அப்படியே கறுத்துப்போகிறது. இலை ஓரமெல்லாம் கருகல். குடுவைக்குள் பூச்சி ஒன்றும் விழவில்லையே, பசியாக இருக்கும் என்று நினைத்து ஒரு நெத்தலிக் கருவாட்டை உள்ளே போட்டேன். எறும்புதான் வந்தது. கடைசியாக யூரியா ஒரு சிட்டிகை.

"அந்தக் காசுக்கு இரண்டு கிழமை மீன் வாங்கியிருக்கலாம்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் ஒன்றும் சொல்வதில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வருவாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. வெயிலா, நோயா, சாப்பாடு போதவில்லையா? இங்கே யாராவது இதை வளர்த்திருக்கிறீர்களா?

தோட்டக்காரன்77

அண்ணை, முதலில் மொட்டை மாடியிலிருந்து கீழே இறக்குங்கோ. இந்தச் சோளகக் காற்றில் என்னுடைய ஓர்க்கிட்டே வாடுகிறது. யூரியாவை உடனே நிறுத்துங்கோ. குடுவைச் செடி நான் வளர்த்ததில்லை, ஆனால் ராஜா மலைச் செடி, குளிர் வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏசி அறையில் வைத்துப் பார்க்கலாமே?

காரைநகர்ப் பேத்தி

தம்பி இணுவிலான், கருவாட்டைப் பற்றி வாசித்ததும் சிரித்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். நீங்கள் அந்தச் செடியைப் பட்டினி போடவில்லை. எரு, யூரியா, கருவாடு என்று அளவுக்கு மேல் விருந்து வைத்திருக்கிறீர்கள்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை, கணக்காளர். அப்பப்பா மலாயா ரெயில்வேயில் இருந்து பென்சன் எடுத்து ஊருக்கு வந்த காரைநகர்க்காரர். எனக்கும் அந்தத் திசையிலேயே ஒரு வேலை அமைந்தது. போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்துக் கோத்தா கினபாலு நகரத்தில் ஆறு வருடம் இருந்தேன். யன்னலைத் திறந்தால் காலையில் கினபாலு மலை தெரியும், பத்து மணிக்குப் பிறகு முகில் மூடிவிடும். 4,095 மீற்றர் உயரம். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2012இல் அலுவலக நண்பிகள் மூன்று பேருடன் மெசிலாவ் என்ற இடத்துக்குப் போனேன். மலையின் கிழக்குப் பக்கம், ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவை விடக் கொஞ்சம் மேலே. ராஜாவைப் பார்ப்பதற்கென்றே அங்கே வழிகாட்டியுடன் போகும் ஒரு பாதை இருந்தது. ('இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். 2015 யூன் 5ஆம் திகதி வந்த நிலநடுக்கத்தில் அந்தப் பக்கம் பலமாகச் சேதமானது, பாதையை மூடிவிட்டார்கள்.)

காடு என்றால் பெரிய மரமும் இருட்டும் என்றுதான் நினைத்துப் போனேன். ஆற்றைத் தாண்டி ஏறினால், எப்போதோ மண் சரிந்து திறந்துபோன ஒரு சரிவு. முழங்கால் உயரப் புல்லும் கோரையும். நிலமெல்லாம் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது, கால் வைத்தால் சப்பாத்து நனைகிறது. அந்தப் புல்லுக்குள் செடிகள் தரையோடு படுத்திருந்தன. குடுவைகள் மண்ணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன, கோயில் வாசலில் யாரோ மறந்துவிட்டுப் போன செம்புபோல. நிறம் கருஞ்சிவப்பு. பெரிதாக வளர்ந்தால் உயரம் 41 செ.மீ., அகலம் 20 செ.மீ. வரை வரும், மூன்று லீற்றருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நான் பார்த்தவற்றில் பெரியது ஒரு சின்னக் குடம் அளவு. அதற்குள் கையை விட வேண்டும்போல் ஓர் ஆசை வரும், வழிகாட்டி முறைத்தார்.

அங்கே மண் எப்படி என்று கேளுங்கள், அதில்தான் உங்கள் பிரச்சினையில் பாதி இருக்கிறது. ராஜா வளரும் பாறை பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த வகை. மக்னீசியமும் நிக்கலும் அளவுக்கு மிஞ்சி இருக்கும். கல்சியமும் பொசுபரசும் நைதரசனும் அருமை. மற்ற மரங்கள் அந்த மண்ணில் கூனிக் குறுகி நிற்கும், சில இடங்களில் மரமே வராது. அப்படி வெட்ட வெளியாகிப் போனதால்தான் தரையில் கிடக்கும் இந்தச் செடிக்கு வெளிச்சம் கிடைக்கிறது. வளமான மண்ணில் விட்டால் பக்கத்துச் செடிகள் இதை மூடிவிடும். எங்கள் வலிகாமத்தின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புக்கல். உங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதைத்தான் காலையும் மாலையும் அதன் வேருக்கு ஊற்றுகிறீர்கள். வெயில் கொன்றதோ இல்லையோ, கிணற்றுத் தண்ணீரும் மாட்டெருவும் சேர்ந்தால் எந்த நெப்பந்தீசும் (இந்தக் குடுவைச் செடி இனங்களின் பொதுப் பெயர் அது) நிற்காது.

மற்றப் பாதி இரவு. இதை நான் அங்கே தங்கிய அன்றுதான் விளங்கிக்கொண்டேன். பகலில் முகில் விலகினால் வெயில் தோலைச் சுடும், தொப்பி இல்லாமல் நிற்க முடியாது. மத்தியானத்துக்குப் பிறகு முகில் இறங்கும், மழை வரும், எல்லாம் நனைந்து போகும். இரவு இரண்டு கம்பளி போர்த்தும் எனக்குப் பல் கிடுகிடுத்தது, பத்துப் பன்னிரண்டு பாகைதான் இருந்திருக்கும். ஒரு செடி பகலில் வெளிச்சத்தில் சீனி செய்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதில் கொஞ்சத்தைச் செலவழிக்கிறது. குளிர்ந்த இரவில் செலவு குறைவு. யாழ்ப்பாணத்தில் வைகாசி, ஆனியில் விடியப்புறம்கூட 27 பாகைக்குக் கீழே இறங்கப் பஞ்சிப்படுகிறதே, அந்தச் சூட்டில் மலைச் செடி இரவு முழுக்கத் தன் சேமிப்பை எரித்துக்கொண்டிருக்கும். கணக்காளர் புத்தியில் சொன்னால், வரவை விடச் செலவு கூடின குடும்பம். முதலில் நிறுத்துவது குடுவை செய்வதைத்தான். அது ஆடம்பரச் செலவு.

1858இல் ஹியூ லோ என்ற ஆங்கிலேயர் இந்தச் செடியை அந்த மலையில் கண்டார். அடுத்த வருடம் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக ராஜா என்று பெயர் வைத்தார். எங்கள் சொல் கடல் கடந்து போய் ஒரு வெள்ளைக்காரருக்குப் பட்டமாகி, பிறகு ஒரு செடிக்குப் போயிருக்கிறது. உலகத்தில் இரண்டே மலைகளில்தான் இது இயற்கையாக வளர்கிறது. ஒன்று கினபாலு, மற்றது அதன் பக்கத்து மலை தம்புயுகோன். 1,500 மீற்றரிலிருந்து 2,650 மீற்றர் வரை.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். குடுவையை வாய் என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். எறும்பும் பூச்சியும் விழுவது உண்மைதான். 1862 அளவிலேயே ஒரு குடுவைக்குள் செத்த எலியைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் எலி பிடிக்கும் செடி என்று பெயர் எடுத்துவிட்டது. ஆனால் ராஜாவின் மூடியின் அடிப்பக்கத்தில் தேன்போல ஒன்று சுரக்கும். அதை நக்குவதற்கு மர மூஞ்சூறு வரும். அணில் மாதிரி, மூக்கு நீண்ட சின்னப் பிராணி. மூடி நிற்கும் சாய்வும் தூரமும் அதன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும், குடுவையின் விளிம்பில் குந்தினால்தான் வாய் மூடிக்கு எட்டும். குந்தி நக்கிக்கொண்டே அது குடுவைக்குள் கழித்துவிட்டுப் போகும். செடிக்கு வேண்டிய நைதரசன் அதில் வந்துவிடும். இரவில் அதே வேலைக்கு மலை எலி ஒன்று வரும். 2011இல் ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். நான் போன வருடம் வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு, ஒரு குடுவைக்குள் மிதந்ததையும் காட்டினார். அப்பப்பா இருந்திருந்தால் "வாய் இல்லைப் பிள்ளை, கக்கூசு" என்று சொல்லியிருப்பார்.

நுளம்பு இராது என்று விற்றவர் சொன்னாரா? ராஜாக் குடுவையின் தண்ணீருக்குள்ளேயே குடம்பியாக வளரும் நுளம்பு இனங்கள் இருக்கின்றன. இரண்டுக்கு இந்தச் செடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள், கியூலெக்ஸ் ராஜா, டொக்ஸோரிங்கைட்டீஸ் ராஜா. அந்த மலைக் குடுவைகளில் வாழ்பவை, பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் எழுதியது, உங்களிடம் இருப்பது உண்மையிலேயே ராஜாவாக இருந்தால் என்ன நிலைமை என்று காட்டத்தான். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இலையும் குடுவையும் தெரியப் படம் போடுங்கள். இலையின் நுனியிலிருந்து குடுவைக்குப் போகும் அந்தக் கொடி எங்கிருந்து புறப்படுகிறது என்று கிட்டப் பிடித்த ஒரு படமும் வேண்டும்.

தோட்டக்காரன்77

அக்கா, இவ்வளவும் தெரிந்த நீங்கள் அங்கிருந்து ஒரு சின்னக் கன்று கொண்டு வந்திருக்கலாமே? 🙂

காரைநகர்ப் பேத்தி

கொண்டு வந்திருந்தால் இதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபட்டு உள்ளே இருந்துதான் எழுதியிருப்பேன். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக உடன்படிக்கையில் ராஜா முதலாம் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்து விற்பதற்கே இடமில்லை. நெப்பந்தீசில் அந்தப் பட்டியலில் உள்ளவை இரண்டுதான், இது ஒன்று, மேகாலயாவில் உள்ள காசியானா மற்றது. மிச்சம் எல்லாம் இரண்டாம் பட்டியல். ஆய்வுகூடத்தில் பெருக்கிய கன்றுகள் அனுமதியோடு வரும், அது வேறு கதை. எங்கள் மலைநாட்டிலேயே இந்தச் செடிகளை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

கன்னெலியவில் நனைந்தவன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஊர் சுன்னாகம், வேலையால் காலிப் பக்கம் நாலு வருடம் இருந்தேன். போர்னியோ வரை போக வேண்டியதில்லை, எங்கள் நாட்டுக்கே உரிய குடுவைச் செடி ஒன்று இருக்கிறது. நெப்பந்தீஸ் டிஸ்டிலாட்டோரியா. இலங்கையில் இயற்கையாக உள்ள நெப்பந்தீஸ் இந்த ஓர் இனம் மட்டும்தான், வேறு நாட்டில் கிடையாது. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசு செடிகளுக்கு இரண்டு சொல் கொண்ட அறிவியல் பெயர் கொடுத்தபோது நெப்பந்தீஸ் என்ற பெயரின் கீழ் வைத்த செடியே இதுதான். சிங்களத்தில் பாந்துரா என்பார்கள்.

கன்னெலியக் காட்டு ஓரத்தில், வீதிக்கு வெட்டின மண்மேட்டில், மற்றச் செடிகளின் மேல் ஏறிப் படர்ந்து கிடந்தது. அட்டை கடித்த காலைப் பார்த்துக்கொண்டு குனிந்தபோதுதான் கண்டேன். அங்கே ஆட்கள் அந்தக் கொடியைக் கட்டுவதற்குக் கயிறாகப் பாவித்திருக்கிறார்கள், பிரம்புக்குப் பதிலாக. இது மலைச் செடி இல்லை, தாழ்நிலத்துச் செடி. அதற்காக யாழ்ப்பாணத்துக்கு ஒத்துவரும் என்று இல்லை. அங்கே மழை வருடம் முழுக்க. இங்கே ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்வதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. தயவுசெய்து யாரும் காட்டில் போய்க் கிளப்ப வேண்டாம், வேர் குழம்பினால் பெரும்பாலும் செத்துவிடும்.

இணுவிலான்

அக்கா, உங்கள் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மூஞ்சூறு கதையில் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது தம்பிக்காரன் கழிப்பறைக்குப் போனால் "ராஜாவுக்கு நைதரசன் போடப் போகிறான்" என்கிறாள். இதற்குப் பொறுப்பு நீங்கள்தான்.

மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். கொடி இலையின் கூர் நுனியிலிருந்துதான் புறப்படுகிறது. குடுவை ஒரு விரல் நீளம், இளம்பச்சை, விளிம்பு மட்டும் சிவப்பு, நடுவில் இடுப்புப்போல ஒடுங்கியிருக்கிறது. மூடி சின்னது. செடி தரையில் படுக்கவில்லை, ஒரு முழம் உயரத்துக்குத் தண்டு எழுந்திருக்கிறது.

இன்னொன்று. போன கிழமை டெங்குப் பரிசோதனைக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்தார். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறி இந்தக் குடுவைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். "இதென்ன, தண்ணி தேங்குதே" என்றார். செடியே சுரக்கும் தண்ணீர் ஐயா என்று மகள் விளங்கப்படுத்தினாள். தலையை ஆட்டிக்கொண்டு போனார், எழுதினாரோ தெரியாது.

காரைநகர்ப் பேத்தி

படங்கள் பார்த்தேன். தம்பி, உங்களிடம் இருப்பது ராஜா இல்லை.

வளர்ந்த ராஜாவில் கொடி இலை நுனியிலிருந்து புறப்படாது. நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, இலையின் அடிப்பக்கத்திலிருந்து குடைக்குக் காம்பு பிடித்ததுபோல இறங்கும். இளம் கன்றில் இது தெளிவாகத் தெரியாது என்பதால் அதை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. ராஜாவின் சின்னக் குடுவைகூட உருண்டு திரண்டு, அகன்ற மூடியோடு இருக்கும். இடுப்பு ஒடுங்கிய குடுவை, சின்ன மூடி, இந்த வயதிலேயே ஏறும் தண்டு, மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் வென்ட்ராட்டா. பிலிப்பைன்சின் இரண்டு இனங்களைக் கலந்து உண்டாக்கியது. உலகம் முழுக்கச் செடிக் கடைகளில் அதிகம் விற்பவற்றில் இது ஒன்று. மட்டையில் ராஜா என்று எழுதினால் விலை ஏறும், அவ்வளவுதான் விஷயம்.

4,500 போனது போனதுதான். ஆனால் உங்களுக்கு இது நல்ல செய்தி. உண்மையான ராஜாவாக இருந்திருந்தால், நுவரெலியாவில் யாராவது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏசி அறையும் சரிவராது, குளிர் இருக்கும், ஆனால் காற்றைக் காய வைத்துவிடும். வென்ட்ராட்டா சூட்டைத் தாங்கும். அதைக் கொல்வது உங்கள் தொட்டியும் கிணறும்தான்.

இன்றைக்கே செம்மண்ணிலிருந்து எடுங்கள். வேர் கறுப்பாக, தலைமயிர்போல மெல்லியதாக இருக்கும். அழுகிவிட்டது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், அதன் நிறமே அதுதான். மழைத்தண்ணீர் போன்ற சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். தும்புத்தூள் வாங்கி, உப்புப் போகும்வரை நாலைந்து தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், அதோடு மரக்கரித் துண்டு அல்லது தேங்காய் மட்டைச் சிறு துண்டுகள் கலந்து நடுங்கள். உரம் வேண்டாம், எரு வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம். மாமரத்துக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படும் இடம், சோளகம் நேரே அடிக்காத பக்கமாகப் பார்த்து வையுங்கள். காய்ந்த குடுவைகளை வெட்டலாம், பச்சையாக உள்ள இலையில் கை வைக்க வேண்டாம்.

தண்ணீர்தான் உங்களுக்குச் சோதனை. ஐப்பசி வரை மழை இல்லை. கடைகளில் ஆர்ஓ (உப்பு நீக்கிச் சுத்தமாக்கிய) தண்ணீர் நிரப்புகிறார்களே, அது சரிவரும். காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஏசி இயந்திரத்தின் குழாயில் வடியும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றிலிருந்து ஒடுங்கின தண்ணீர், அதில் சுண்ணாம்பு இல்லை. காரைநகரில் நான் இரண்டு செடிகளை அதில்தான் வைத்திருக்கிறேன்.

குடுவை உடனே வராது. இரண்டு மூன்று இலை வெறுமையாக வந்துதான் பிறகு வரும். மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இணுவிலான்

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

வேர் நீங்கள் சொன்னபடி கறுப்புத்தான், முன்பே சொல்லியிராவிட்டால் நிச்சயம் வெட்டியிருப்பேன். தும்புத்தூளில் மாற்றி மாமரத்துக்குக் கீழே தொங்கவிட்டேன். முதல் இரண்டு கிழமை இன்னும் ஓர் இலை காய்ந்தது, மனைவி மீன் கணக்கை மறுபடி எடுத்தார். பிறகு நின்றது. மூன்றாவது புது இலையின் நுனியில் உள்ள அந்தப் பயறு இந்த முறை கறுக்கவில்லை. இப்போது என் சின்னி விரல் அளவு, மூடி இன்னும் ஒட்டியிருக்கிறது. மகள் நாளுக்கு ஒரு படம் எடுத்து வைக்கிறாள். ராஜா இல்லை என்று தெரிந்தும் பெயரை மாற்ற விடவில்லை, மட்டையும் அப்படியே குத்தியிருக்கிறது.

தண்ணீருக்கு எங்கள் சந்தியில் உள்ள மருந்துக்கடையின் பின்புறம் ஏசி குழாய்க்குக் கீழே ஒரு கலன் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து லீற்றர் வருகிறது, எனக்கு அதில் பாதிகூட வேண்டாம். மிச்சத்தைக் கடைக்காரர் தன் மோட்டார் சைக்கிள் பற்றரிக்கு விடலாமா என்று கேட்கிறார். அது சரிவருமா, யாருக்காவது தெரியுமா?